துடைபட்ட சிலேற்று

இவ்வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, வாசித்து முடித்ததும் மீண்டும் ஒருமுறை வாசிக்க வைத்தது. எழுதியவர் உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் ஒரு மாணவர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். தமது பிழையை ஊரறியச் சொல்ல எவர்தாம் விரும்புவர்? ஆயினும் பிழை அவருடையதுதானா என்பதே இன்று நாம் விசாரிக்கப்போகும் விஷயம்.

பாடசாலையில் நடைபெறவிருந்த விஞ்ஞானக் கண்காட்சிக்கென அவர் ஒரு மழைமானி செய்தார். மழைநீர் ஒரு சிறு கிண்ணத்தில் விழும். கிண்ணம் நிரம்பியதும் தானே சாய்ந்து நீரைக் கொட்டும். அது சாயும் ஒவ்வொரு முறையையும் ஒரு சிறு கணனி எண்ணிக் குறித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் குறிக்கும். கணனி என்றதும் திரையும் விசைப்பலகையும் உள்ள பெரிய பெட்டியை நினைத்துவிட வேண்டாம். இது உள்ளங்கையில் அடங்குவது; மாணவர்கள் பழகும் பொருட்டுப் பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் இனத்தைச் சேர்ந்தது. பெருவிரல் நகத்தளவான ஒரு நினைவட்டையே அதன் நூல்நிலையம் முழுவதும்.

முதல் இரண்டு நாட்களும் பதிவுகள் அந்த அட்டையிலேயே எழுதப்பட்டன. அப்போது நண்பர் ஒருவர் வந்து, "இப்படி ஓயாமல் எழுதினால் அட்டை தேய்ந்துபோகும், பதிவுகளைத் தற்காலிக நினைவிலே வைத்துக்கொள்" என்று புத்தி சொன்னார். மாணவரும் அவ்வாறே செய்தார். ஆனாலும் அவர் அசட்டையானவர் அல்லர். ஒவ்வோர் இரவும் படுக்கைக்குப் போகுமுன் 'சிங்க்' என்ற கட்டளையைக் கணனிக்குக் கொடுத்து வந்தார். நினைவிலுள்ளவற்றை எல்லாம் அட்டையில் எழுதி முடி என்பது அக்கட்டளையின் பொருள் என்று புத்தகத்தில் படித்திருந்தார். கணனி ஒருநாளும் முணுமுணுக்கவில்லை. இப்படி 19 நாட்கள் கடந்தன. கருவியைக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லும் நாளன்று, மின்சாரத்தை வெடுக்கென்று பிடுங்காமல், முதலில் 'சிங்க்' கொடுத்தார். பின்னர் அந்தத் தற்காலிகக் கோப்பமைப்பை முறைப்படி விடுவித்தார். அதன் பின்னரே திறந்து பார்த்தார்.

19 நாட் பதிவுகளில் ஒரு வரியும் இல்லை. அதனினும் விந்தை என்னவென்றால், அவை இருந்த அதே இடத்தில், அவர் மறந்தே போயிருந்த முதல் இரண்டு நாட் பதிவுகள் சிறிதும் பழுதின்றி எழுந்து நின்றன!

"ஐயா, நான் விதிப்படிதான் நடந்தேன். கணனியும் ஒரு தடையும் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொன்னது யார்?" என்று கேட்டு முடிக்கிறார். கடிதத்தின் அடியிலே, தங்கை மட்டும் நாள்தோறும் காலையில் ஒரு போத்தலில் சேர்ந்த மழைநீரை அடிமட்டம் வைத்து அளந்து தன் கொப்பியில் எழுதி வந்ததாகவும், தாம் அதைக் கண்டு சிரித்ததாகவும் ஒரு குறிப்பு. அக்குறிப்பை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கட்டும்.

கணனிக்குள்ளே இரண்டு வகையான நினைவுகள் உள்ளன. ஒன்று 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவு. அது சிலேற்றுப் பலகை போன்றது. எழுதுவதும் விரைவு, அழிப்பதும் விரைவு. எத்தனை கோடி முறை எழுதி அழித்தாலும் தேய்வதில்லை. ஆனால் மின்சாரம் என்னும் உயிர் ஓடும்வரைதான் அதில் எழுத்து நிற்கும். மற்றையது நிலையான நினைவு. மாணவருடைய அட்டையில் இருப்பது 'பிளாஷ்' என்ற வகை. அதனைக் கொப்பி எனலாம். மின்சாரம் போனாலும் எழுத்துப் போகாது. ஆயினும் அதிலே எழுதுவது மெதுவான வேலை. மேலும் பிளாஷ் நினைவிலே ஓர் எழுத்தை மட்டும் தனியே அழிக்க முடியாது. அது அடங்கிய ஒரு பெருந்துண்டையே அழித்து மறுபடி எழுதவேண்டும். கொப்பியின் ஒரே இடத்தை றப்பரால் திரும்பத் திரும்ப அழித்தால் கடதாசி ஓட்டையாகிவிடுமன்றோ? அதுபோல ஒவ்வொரு துண்டும் சில ஆயிரம் முறை முதல், வகையைப் பொறுத்து, ஓர் இலட்சம் முறை வரையில்தான் அழிப்பைத் தாங்கும். நண்பர் பயந்தது இதற்காகத்தான். அவருடைய பயத்தில் நியாயம் உண்டு, அளவுதான் இல்லை. அதைப் பிறகு சொல்வோம்.

இப்போது ஒரு பழைய கடையை மனத்திலே நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி விற்பனை செய்கிறார். கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார். ஒவ்வொரு சாமான் விற்றதும் பிள்ளை எழுந்துபோய்ப் பெரிய பேரேட்டைத் திறந்து எழுதினால் வியாபாரம் நடக்குமா? நடவாது. ஆகவே அவர் சிட்டையிலே குறித்துக்கொண்டு, கூட்டம் ஓய்ந்த வேளையிலே பேரேட்டில் ஏற்றுகிறார். கணனியும் அதனையே செய்கிறது. நாம் ஒரு கோப்பைச் சேமி என்றதும் அது 'சேமித்தேன்' என்கிறது; ஆனால் உண்மையில் சிட்டையில் குறித்திருக்கிறது, அவ்வளவே. மாணவரின் கணனியை இயக்குவது லினக்ஸ் என்ற முறைமை. அதில் ஒரு குறிப்புச் சிட்டையில் பொதுவாக 30 விநாடி காத்திருந்தால் முதுமை அடைந்ததாகக் கருதப்பட்டுப் பேரேட்டுக்கு அனுப்பப்படும். அந்த இடைவெளியில் விளக்கணைந்தால் சிட்டையில் இருந்தது போயிற்று. நாம் அவசரமாக மூடப்போகிறோம், இப்போதே ஏற்று என்று கணக்குப்பிள்ளைக்கு ஆணையிடுவதே 'சிங்க்'. யூனிக்ஸ் என்ற ஆதி முறைமையின் காலத்திலிருந்தே அக்கட்டளை உண்டு. அதனை மும்முறை தட்டிவிட்டுத்தான் இயந்திரத்தை நிறுத்தவேண்டும் என்று அக்காலத்துப் பொறியியலாளரிடையே ஒரு வழக்கம் இருந்தது. மும்முறை என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. இரண்டாம் மூன்றாம் முறை தட்டுவதற்குச் செல்லும் நேரத்தில் முதலாவது வேலை முடிந்திருக்கும் என்ற அனுபவ ஞானம்தான்.

ஒரு கோப்பமைப்பை 'ஏற்றுதல்' என்பதும் 'விடுவித்தல்' என்பதும் பேரேட்டைத் திறப்பதும் மூடிக் கட்டுவதும் போன்றவை. விடுவிக்கச் சொன்னால், கணனி முதலிலே எஞ்சியதை எல்லாம் எழுதும். பின்னர் ஏடு மூடப்பட்டது என்று அடையாளமிடும். எவராவது இன்னும் அதிலே எழுதிக்கொண்டிருந்தால், 'அலுவலில் இருக்கிறது, விடமாட்டேன்' என்று மறுத்துவிடும். அந்த மறுப்பைச் சிலர் தொல்லை என்று எண்ணி, வலிந்து விடுவிக்க வழி தேடுவர். அது தொல்லை அன்று, தோழமை.

சரி, இவ்வளவும் நடந்தும் மாணவருடைய எழுத்து எங்கே போயிற்று?

அவர் பதிவுகளை வைத்திருந்த தற்காலிகக் கோப்பமைப்புக்கு லினக்ஸில் 'டெம்ப் எப்.எஸ்.' என்று பெயர். வெளித்தோற்றத்திலே அது ஏனைய கோப்பமைப்புகளைப் போன்றதே. அடைவுகள் உண்டு, கோப்புகள் உண்டு, திறக்கலாம், எழுதலாம், பெயர் மாற்றலாம். ஆனால் அதன் பின்னால் அட்டையும் இல்லை, வட்டும் இல்லை. முழுவதும் ராம் நினைவிலேயே மிதப்பது. பேரேடே இல்லாத கடையில் சிட்டை மட்டும் இருக்கிறது! அங்கே கணக்குப்பிள்ளையை நோக்கி 'ஏற்று' என்றால் அவர் எதில் ஏற்றுவார்? ஏற்றவேண்டிய ஏடு எதுவும் இல்லை. ஆகவே அவர் செய்யவேண்டிய வேலையும் இல்லை. ஆகவே வேலை முடிந்தது என்று மெய்யாகவே சொல்கிறார். 'சிங்க்' பொய் சொல்லவில்லை. அட்டையில் உள்ள கோப்பமைப்புக்குரிய பாக்கியை அது இரவுதோறும் ஒழுங்காக எழுதி வந்தது. ராமில் உள்ளதை அட்டைக்குப் பிரதி எடு என்று அதற்கு எவரும் சொல்லவில்லை. அது தானாக அதைச் செய்வதுமில்லை.

விடுவித்தலோ இதனினும் கொடியது. பேரேட்டை மூடிக் கட்டினால் எழுத்து உள்ளே இருக்கும். சிலேற்றை மூடிக் கட்டுவது எப்படி? தற்காலிகக் கோப்பமைப்பை விடுவித்தால், அதற்குக் கொடுத்த நினைவிடம் முழுவதும் அக்கணமே வேறு வேலைகளுக்கென மீளப் பெறப்படும். மின்சாரத்தைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுவே ஆகும். மற்றெல்லா இடத்திலும் பாதுகாப்புக்காகச் செய்யப்படும் அதே காரியம், இங்கே ஈர விரலால் பலகையைத் துடைப்பதாக முடிந்தது. பிடுங்காமல் மரியாதையாக நிறுத்திய மாணவரும், வெடுக்கென்று பிடுங்கியிருக்கக்கூடிய சோம்பேறியும் இவ்விடத்தில் ஒரே கதிதான் அடைவர். இது எமக்கே சற்று அநியாயமாகத் தோன்றுகிறது.

இனி உயிர்த்தெழுந்த அந்த இரண்டு நாட் பதிவுகள். அதில் மாயம் ஏதுமில்லை. ஒரு கோப்பமைப்பை ஏற்றுவதற்கு ஓர் இடம் காட்டவேண்டும். மாணவர், அட்டையில் முன்பே பதிவுகள் இருந்த அதே அடைவைக் காட்டிவிட்டார். பழைய பாயின் மேல் புதுப்பாய் விரித்தாற்போல, ராம் கோப்பமைப்பு அதன்மேல் விரிந்துகொண்டது. கீழே உள்ளது அழியவில்லை, மறைந்திருந்தது. புதுப்பாயைச் சுருட்டியதும் பழையது தெரிந்தது.

சிறுவர் பரிசோதனையில் நேர்ந்த சிறு பிழைதானே என்று பெரியவர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். உட்பதித்த கணனி எனப்படும் இத்தகைய சிறு கணனிகள் சலவை இயந்திரத்திலும் மோட்டார் வாகனத்திலும் வைத்தியக் கருவியிலும் இருக்கின்றன. பூமியிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீற்றர் தூரத்திலும் இருந்தன. அங்கே, உலகத்துத் தேர்ந்த பொறியியலாளர்களின் கையிலேயே, இதே ராமும் பிளாஷும் ஒரு முறை பெருங்கலக்கம் விளைத்தன.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கிரகத்துக்கு ஸ்பிரிற், ஒப்பொர்ச்சூனிற்றி என்று இரட்டையரான இரண்டு ஊர்திகளை 2003ஆம் ஆண்டில் அனுப்பியது. ஆறு சக்கரம், சூரிய ஒளித் தகடுகளே உணவு. ஸ்பிரிற் 2004 ஜனவரி 4ஆம் திகதி குசேவ் என்ற பெரும் பள்ளத்தில் இறங்கிற்று. அதன் மூளையின் அளவைக் கேட்டால் இன்றைய மாணவர்கள் சிரிப்பர்: ராம் நினைவு 128 மெகாபைற்று, பிளாஷ் நினைவு 256 மெகாபைற்று. இன்று சட்டைப் பையில் உள்ள கைத்தொலைபேசிக்கு இதைப்போலப் பல மடங்கு உண்டு.

ஜனவரி 21ஆம் திகதி, அடிரொண்டாக் என்று பெயரிடப்பட்ட ஒரு பாறையைச் சுரண்டிப் பார்க்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், ஸ்பிரிற் திடீரென்று ஒழுங்காகப் பேசாமல் போயிற்று. அவுஸ்திரேலியாவில் கன்பராவுக்கு அருகிலுள்ள வானலை நிலையத்தின் மேல் அன்று இடிமழை. ஆகவே முதலில் பழி மழையின் தலையில் விழுந்தது. மழை ஓய்ந்தது, ஊர்தி பேசவில்லை. சிற்சில வேளைகளில் ஓர் ஒலி மட்டும் வரும், அல்லது பொருளற்ற வெறுந்தரவு வரும். கலிபோர்னியாவில் பசடேனா நகரை அடுத்துள்ள ஜெற் உந்துகை ஆய்வுகூடத்திலிருந்தவர்களுக்குச் சில தினங்களின் பின்னரே நிலைமை விளங்கிற்று. ஊர்தி தன்னைத் தானே நிறுத்தி மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை இரு முறை அன்று. 60 தடவைக்கு மேல். இரவிலே உறங்கவேண்டிய ஊர்தி உறங்காமல் விழித்திருந்து, மின்கலத்தில் இருந்த சக்தியையும் வீணாக்கிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். பிளாஷில் உள்ள கோப்பமைப்பை ஏற்றும்போதெல்லாம், அதிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலை ஊர்தியின் முறைமை ராமிலே விரித்து வைத்துக்கொள்ளும். ஏழு மாதப் பிரயாணத்தில் சேர்ந்த கோப்புகள், தரையிறங்கிய பின் சேர்ந்த கோப்புகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு கோப்பை அழித்தாலும் பட்டியலில் அதற்குரிய வெற்றிடம் சுருங்குவதில்லை. ஈற்றில் பட்டியலை விரிக்க ராமிலே இடம் போதவில்லை. இடமில்லை என்றதும் அந்த வேலை நின்றது. வேலை நின்றதும் காவல் நிரல் 'ஏதோ கோளாறு' என்று கணனியை நிறுத்தி மீண்டும் தொடங்கியது. தொடங்கியதும் முதல் வேலை என்ன? பிளாஷை ஏற்றுவது! மறுபடியும் இடமில்லை. கதவு திறவாத வீட்டின் வாசலிலே தலையை மோதி விழுந்து, எழுந்து, மீண்டும் மோதுவது போன்ற கதை. 256 மெகாபைற்றுக் கொப்பியில் இன்னும் இடம் இருந்தது. கொப்பியின் பொருளடக்கத்தை விரித்து வைக்கச் சிலேற்றிலேதான் இடம் இல்லை.

அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? நமது மாணவரைக் கைவிட்ட அதே ராம் கோப்பமைப்பு! பிளாஷை ஏற்றாமலே எழுந்திரு, அதற்குப் பதிலாக ராமிலே ஒரு சிறு கோப்பமைப்பு வைத்துக்கொண்டு வேலை செய் என்ற ஒரு வழியை வடிவமைத்தோர் முன்கூட்டியே வைத்திருந்தனர். 'முடமான நிலை' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். ஊர்தி விழித்தெழும் நேரத்தைக் கணித்து ஜனவரி 24ஆம் திகதி அக்கட்டளையை அனுப்பினர். அன்று செவ்வாய் ஏறத்தாழ 20 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. கட்டளை போய்ச்சேர 11 நிமிடம், மறுமொழி வர இன்னொரு 11 நிமிடம். மறுமொழி வந்தது. நோயாளியின் நிலைமையைச் சொல்லும் வைத்தியர்களின் வார்த்தையையே எடுத்து, 'ஆபத்தான நிலை' என்பதிலிருந்து 'கடுமையான நிலை' என்பதற்கு ஊர்தி தேறியிருக்கிறது என்று அறிவித்தனர். பின்னர் வேண்டாத கோப்புகளை அழித்து, பெப்ரவரி முதல் வாரத்தில் பிளாஷ் நினைவு முழுவதையும் துடைத்துப் புதிதாக வரைந்து, ஊர்தியை வேலைக்கு விட்டனர். 90 செவ்வாய் நாட்களுக்கென்று அனுப்பப்பட்ட ஸ்பிரிற் 2010 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தது.

இரட்டையருள் மற்றையதன் கதை இன்னும் உருக்கமானது. ஒப்பொர்ச்சூனிற்றி பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடி உழைத்தபின், அதன் பிளாஷ் நினைவிலே தேய்வு தென்பட்டது. நண்பர் பயந்த அதே தேய்வு என்க. 2014 செப்டெம்பரில் துடைத்து வரைந்து பார்த்தனர். அதன் பின்னரும் சில காலைகளில் ஊர்தி, முந்தின நாள் பார்த்ததை மறந்து எழுந்தது. பழுதான பகுதியை மட்டும் ஒதுக்கி வைத்துப் பார்த்தனர். அப்படியும் மறதி தீரவில்லை. முடிவிலே 2015ஆம் ஆண்டில், பிளாஷே வேண்டாம், ராமைக் கொண்டே காலந்தள்ளுவோம் என்று துணிந்தனர்.

அதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பகல் முழுவதும் ஊர்தி படம் எடுக்கும், பாறையை அளக்கும், அனைத்தும் சிலேற்றில்தான். இரவிலே குளிரையும் மின்கலத்தையும் எண்ணி அது உறங்கியே ஆகவேண்டும். உறங்கினால் சிலேற்று துடைபடும். ஆகவே செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்று தலைக்கு மேலே கடக்கும் வேளையில், உறங்குமுன், அன்றைய படங்களையும் அளவுகளையும் அதன்வழி பூமிக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பியது பிழைத்தது, அனுப்பாதது போயிற்று. அவர்களுடைய பேரேடு பூமியிலே இருந்தது! எவ்வளவு அனுப்ப முடியுமோ அவ்வளவே அன்றைக்கு வேலை என்று நாள்தோறும் கணக்கிட்டனர். மாணவர் இரவுதோறும் கட்டளை கொடுத்தார், இவர்கள் மாலைதோறும் பிரதியை அனுப்பினர். இருவருக்கும் இருந்தது ஒரே சிலேற்று. வேற்றுமை அந்தப் பிரதியில்தான் இருந்தது. 2018 ஜூன் 10ஆம் திகதி, பெரும் புழுதிப்புயல் ஒன்று சூரிய ஒளியை மறைக்க, ஒப்பொர்ச்சூனிற்றி கடைசியாகப் பேசி ஓய்ந்தது. அதற்குள் 45 கிலோமீற்றர் கடந்திருந்தது.

இனி நம் தம்பிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம்.

முதலாவது, அந்த 19 நாட்களை மீட்க வழி தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். அட்டையிலே ஒரு பொழுதும் எழுதப்படாததை அட்டையைத் தோண்டி எடுக்க முடியாது. இரண்டாவது, ராமிலே எழுதும் முறையைக் கைவிடவும் வேண்டாம். அது நல்ல முறையே. நண்பர் பாதியைச் சொன்னார். மறுபாதி பிரதி எடுப்பது. மணிக்கு ஒருமுறை, ராமிலுள்ள பதிவை அட்டைக்குப் பிரதி செய்யும் ஒரு சிறு நிரலைக் கணனியின் மணிக்கூட்டிலே கட்டிவிடுங்கள். நாளுக்கு 24 முறை எழுதுவதால் ஒரு நல்ல அட்டை பல ஆண்டுகளுக்குத் தளராது. மின்சாரம் போனால் ஒரு மணி நேரப் பதிவு போகும். அது தாளாது என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எவ்வளவை இழக்கத் தாங்குமோ அதைக் கொண்டே இடைவெளியைத் தீர்மானிப்பது; அட்டையின் ஆயுளைப் பற்றிய கவலை அதற்குப் பின்னர்.

பிரதியை எடுக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதினால், பாதியிலே மின்சாரம் போகும்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகும். ஆகவே வேறொரு பெயரிலே புதுப்பிரதியை எழுதி, 'சிங்க்' கொடுத்து, அது முடிந்தபின் பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நிகழ்வது. பாதிப் பெயர் என்று ஒன்று இல்லை. கவனித்தீர்களா, இங்கேதான் 'சிங்க்' தனக்குரிய வேலையைச் செய்கிறது! அட்டையை நோக்கிப் பிரதி புறப்பட்டபின், அது வழியிலே சிட்டையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை.

நிறுத்தும்போது ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: மழையை எண்ணும் நிரலை முதலில் நிறுத்துக, கடைசிப் பிரதியை அட்டைக்கு எடுக்க, 'சிங்க்' கொடுக்க, அட்டையிலுள்ள பிரதியைத் திறந்து, கடைசி வரியின் நேரம் சரிதானா என்று கண்ணாற் காண்க, அதன் பின்னரே ராம் கோப்பமைப்பை விடுவிக்க, பிறகு கணனியை அணைக்கக் கட்டளையிட்டு, அது முற்றாக ஓய்ந்தபின் மின்சாரத்தை எடுக்க. முதற்படியைத் தவறவிட்டால், பிரதி எடுத்ததற்கும் விடுவிப்பதற்கும் இடையில் விழுந்த மழை கணக்கில் வராது. ராமுக்கென வேறொரு வெற்று அடைவை வைத்துக்கொள்வதும் நலம். பாயின் மேல் பாய் விரிக்கும் தொல்லை அதோடு ஒழியும். இன்னும் ஒன்று: அளவு குறிப்பிடாவிட்டால் இந்தத் தற்காலிகக் கோப்பமைப்பு மொத்த ராம் நினைவில் பாதிவரை வளர இடம் கொடுக்கப்படும். எண்ணுவதற்கே இடமில்லாமல் எழுத்து பெருகிவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்பிரிற்றின் கதையிலே கண்டோம். ஆகவே சில மெகாபைற்று என்று எல்லை கட்டி, பிரதி எடுத்த பழைய பதிவுகளை ராமிலிருந்து அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது நாட் பதிவு ஒரு மேசைக்குப் போதும். நிமிடத்துக்கு நிமிடம் குறித்த வெப்பநிலை போனது போனதுதான். ஆனால் அந்த 19 நாட்களின் மழை, நாளுக்கு ஒன்று வீதம், உங்கள் வீட்டிலே ஒரு கொப்பியில் இருக்கிறது. தங்கையிடம் கேட்டு வாங்கி, மழைமானிக்குப் பக்கத்திலே திறந்து வையுங்கள், கேட்கும்போது சிரிக்கவேண்டாம்.